ஓடைப் பாலத்தை இடிக்காதீர்கள்: எங்கள் கவுண்டி ஆணையர்கள் மூவருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணையர்களுக்கு,

போன திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில், இங்கே ஓக்லஹோமாவில் நம் ஊருக்கு மேற்கே இருக்கும் ஓடைப் பாலத்தை இடிக்கவும், அதன் இரு பக்கமும் கிடக்கிற ஒன்றரை மைல் பழைய ரூட் 66 (சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை போன நெடுஞ்சாலை) காங்கிரீட் சாலையைக் கவுண்டி, அதாவது நம் மாவட்ட நிர்வாகம், கைவிடவும் நீங்கள் மூவரும் கை தூக்கினீர்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேசுவதற்கு எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தீர்கள். அந்த மூன்று நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். மனசில் இருப்பதை முழுசாகச் சொல்ல எனக்குத் தமிழ்தான் வரும். இதன் ஆங்கில வடிவத்தை என் மகள் எழுதி உங்கள் அலுவலகத்தில் கொடுப்பாள். டல்லாஸிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் இந்தப் பக்கமாக இன்டர்ஸ்டேட் என்கிற புது விரைவுச்சாலையில் வண்டி ஓட்டிப் போகிற தமிழர்களும் இதைப் படிக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

நானும் என் வீட்டுக்காரரும் அந்தச் சாலையோரத்தில் இருந்த பதினான்கு அறை மோட்டலை வாங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் காலமான பிறகும் நான்தான் நடத்துகிறேன். அந்தப் பாலத்தின்மேல் எத்தனை ஆயிரம் தடவை போயிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அன்று உங்களில் ஒருவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "அந்த ரோடுதான் 1985-லேயே போய்விட்டதே அம்மா. எந்தப் பட்டியலிலும் அது இல்லையே" என்றார்.

1985 ஜூன் மாதம் 66 என்ற எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள் என்பது உண்மை. எடுத்தது எண்ணை மட்டும்தான். அந்த எண் வந்த கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஏனென்றால் அது நம் மாநிலத்துக் கதை. துல்சாக்காரரான சைரஸ் ஏவரி, சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போகிற சாலை ஓக்லஹோமா வழியாகத்தான் போகவேண்டும் என்று மல்லுக்கட்டி வாங்கினார். அவர் கேட்ட எண் 60. அது எங்களுக்குத்தான் வேண்டும் என்று கென்டக்கி ஆளுநர் பிடிவாதமாக நின்றார். 1926 ஏப்ரல் 30 அன்று மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் உட்கார்ந்து பேசி, யாருக்கும் ஒதுக்காமல் கிடந்த 66-ஐ எடுத்துக்கொள்கிறோம் என்று வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார்கள். நவம்பர் 11-ஆம் தேதி அது உறுதியானது. பேரம் பேசி ஒட்டிய எண், ஐம்பத்தொன்பது வருஷம் கழித்துக் கழன்றது. கீழே இருந்த காங்கிரீட் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

அந்தக் காங்கிரீட்டும் சும்மா வந்துவிடவில்லை. எண் கிடைத்த வருஷம் 2,448 மைலில் சுமார் 800 மைல்தான் தளம் போட்டிருந்தது. மற்றதெல்லாம் மண்ணும் சரளைக்கல்லும். பெருமந்தக் காலத்தில் வேலையில்லாமல் அலைந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் 1933-லிருந்து கூலிக்கு வேலை செய்து, 1938-ல்தான் முழுச் சாலைக்கும் தளம் முடிந்தது. நம் ஊர்த் துண்டு அந்தக் காலத்தது. 18 அடி அகலம், ஓரத்தில் சின்ன வரம்பு, சில அடிக்கு ஒரு இணைப்புக்கோடு. டயர் ஒவ்வொரு கோட்டிலும் ஏறி இறங்கும்போது தடக் தடக் என்று ஒரு சத்தம் வரும்.

அந்தச் சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சில வருஷங்களுக்கு முன் மே மாதத்தில் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து ஒரு அம்மா தனியாகக் காரில் வந்து எங்களிடம் தங்கினார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய தாயார் இந்தப் பக்கத்தில் பிறந்தவர். 1930-களில் புழுதிப்புயல் அடித்து நிலமெல்லாம் பாழானபோது, ஆறு வயதுக் குழந்தையாக லாரியில் மெத்தைமேல் படுத்தபடி இந்தச் சாலையில் மேற்கே போனவர். அப்படி இந்த வழியாகக் கலிஃபோர்னியா போனவர்கள் சுமார் 2,10,000 பேர். போன இடத்தில் இவர்களை 'ஓக்கி' என்று இளக்காரமாகக் கூப்பிட்டார்கள். அந்தத் தாயார் கடைசிவரை ஓக்லஹோமாவைப் பற்றி எதுவும் பேசமாட்டாராம். ஒன்றே ஒன்று மட்டும் சொல்வாராம்: ராத்திரி முழுக்க மெத்தைக்கு அடியில் கேட்ட தடக் தடக் சத்தம், அது நின்றால் லாரி கெட்டுவிட்டது என்று பயந்து எழுந்து உட்கார்ந்துகொள்வது.

மறுநாள் காலையில் அந்த அம்மாவை நம் ஓடைச் சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, பதினைந்து மைல் வேகத்தில் பாலத்தைத் தாண்டிப் போனார், திரும்பினார், மறுபடி போனார். மூன்றாவது தடவை வண்டியைப் பாலத்தின் நடுவில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்மேல் தலை வைத்து அழுதார். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய தாயார் இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

இடிப்பதற்கு முன்னால் நீங்கள் மூவரும் ஒரு தடவை அப்படி ஓட்டிப் பாருங்கள் என்றுதான் அன்று கேட்க நினைத்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

சரி, இன்டர்ஸ்டேட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய சாலையின் பெருமையை மட்டும் பேசுகிறவளாக என்னை எடுத்துக்கொள்ளாதீர்கள். 'ரத்த 66' என்றே சில இடங்களில் அதைக் கூப்பிட்டார்கள். குறுகிய பாலம், எதிரெதிரே லாரி, விலகிப்போக இடமில்லை. இரண்டாம் உலகப்போரில் ராணுவ வண்டிகள் ஓடி ஓடி அதை நொறுக்கிவிட்டன. 1956 ஜூன் 29 அன்று ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டம் 41,000 மைல் புதுச் சாலைக்கு வழி செய்தது, செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு கூட்டரசே கொடுத்தது. என் வீட்டுக்காரருக்கு முதல் தடவை நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸ் ஐ-40 என்கிற இன்டர்ஸ்டேட்டில்தான் பறந்தது. பழைய சாலையில் போயிருந்தால் அவரை அன்றே இழந்திருப்பேன். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு.

ஆனால் அந்தப் புதுச் சாலை ஊர்களை என்ன செய்தது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். பழைய சாலை ஒவ்வொரு ஊரின் கடைவீதியாகவும் இருந்தது. வண்டி ஓட்டுகிறவர் பசித்தால் நிறுத்துவார், டயர் பஞ்சரானால் நிறுத்துவார். இன்டர்ஸ்டேட்டில் எக்ஸிட் இருக்கும் இடத்தில் மட்டும்தான் இறங்கமுடியும். எக்ஸிட் எங்கே என்று வரைபடத்தில் புள்ளி வைத்தவர்தான் எந்த ஊர் பிழைக்கும் என்று முடிவு செய்தார். 55, 44, 40, 15, 10 என்று ஐந்து இன்டர்ஸ்டேட்கள் துண்டுதுண்டாக 66-ஐ விழுங்கின. கடைசித் துண்டு 1984 அக்டோபரில் அரிசோனாவின் வில்லியம்ஸில் போயிற்று. டெக்ஸஸும் நியூ மெக்ஸிகோவும் சேருகிற இடத்தில் கிளென்ரியோ என்று ஒரு ஊர். மோட்டல், பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை என்று சாலையை நம்பியே இருந்த ஊர். இன்று பெரும்பாலும் பாழடைந்த கட்டடங்கள்தான் மிச்சம். நானும் என் வீட்டுக்காரரும் ஒரு தடவை அங்கே நின்றோம். திரும்பி வரும்போது காரில் இருவருமே பேசவில்லை.

நம் ஊர் அப்படி ஆகாமல் இன்னும் மூச்சு விடுவதற்குக் காரணம், பழைய சாலையைத் தேடி வருகிறவர்கள். அடுத்து உங்கள் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்கிறேன். சாலைக்குக் குறுக்கே கறுப்பு ரப்பர் குழாய் போட்டு ஒரு நாளைக்கு எத்தனை வண்டி போகிறது என்று எண்ணினீர்கள். அதைப் போட்டது பிப்ரவரியில். எங்கள் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள்: நவம்பரிலிருந்து மார்ச் வரை பக்கங்கள் காலி. ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரைதான் ஜெர்மனிக்காரர்களும் நார்வேக்காரர்களும் மோட்டார் சைக்கிளில் கூட்டமாக வருகிறார்கள். சைக்கிளில் வந்து பாலத்தருகே இறங்கி நடப்பவர்களும் உண்டு. காலையில் காபி குடித்துக்கொண்டே எல்லோரும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பழைய காங்கிரீட் எங்கே இருக்கிறது? ஓரிடத்துக்குப் போய்ச் சேர மட்டும் பயன்படும் சாலைக்கு வண்டி எண்ணிக்கை சரியான அளவாக இருக்கலாம். இவர்கள் போய்ச் சேர வந்த இடமே இந்தச் சாலைதான். பிப்ரவரிக் குழாய் இதை எப்படிச் சொல்லும்?

வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு என் மகள் படிக்கும்போது கூட்டிக்கொண்டு போனாள். போக்குவரத்து வரலாற்றுக் கூடத்தில் ரூட் 66-இன் அசல் காங்கிரீட் நாற்பதடி போட்டிருக்கிறார்கள். எங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனார்கள்? ஓக்லஹோமாவிலிருந்து. நம் மேற்குப் பக்கத்துச் சாலையிலிருந்து. அதே கூடத்தில் ஹைட்ரோ ஊரின் லூசில் ஹாமன்ஸ் அம்மாவுடைய மோட்டல் பலகையும் இருக்கிறது. 1941-லிருந்து 2000-ல் இறக்கும்வரை, சாலை விலகிப்போன பிறகும், அந்தப் பெட்ரோல் பங்கை விடாமல் நடத்திய பெண் அவர். அந்த நாற்பதடிக்கு முன்னால் நின்று பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அங்கேயே குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தேன். நாட்டின் தலைநகரம் நாற்பதடியைக் கூரைக்குள் வைத்துக் காப்பாற்றுகிறது. நம்மிடம் ஒன்றரை மைல் இருக்கிறது, அதுவும் அது போட்ட இடத்திலேயே, ஓடையோடும் பாலத்தோடும். அதை உடைத்து ஜல்லியாக்க நான்கு நிமிடத்தில் தீர்மானம் போட்டீர்கள்.

பணம் இல்லை என்றீர்கள். கவுண்டியின் கையில் பணம் குறைவு என்பது எனக்குத் தெரியும், பள்ளிக்கூடப் பேருந்து போகிற மண்சாலைகளுக்கே நீங்கள் திண்டாடுவதை வருஷா வருஷம் பார்க்கிறேன். ஆனால் பாலத்தில் லாரி ஓடவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மிசௌரிக்கும் இல்லினாய்ஸுக்கும் நடுவே மிசிசிப்பிமேல் 1929-ல் திறந்த செயின் ஆஃப் ராக்ஸ் பாலம், நடுவில் வளைந்து திரும்புமே, அதை 1970-களில் இடிக்கத்தான் இருந்தார்கள். பழைய இரும்பு விலை விழுந்ததால் இடித்தால் கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்கள். 1999-ல் அதை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் திறந்தார்கள். இரும்பு விலை ஏறியிருந்தால் இன்று அது இல்லை. செயின்ட் லூயியின் கோரல் கோர்ட் மோட்டலுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1995-ல் இடித்தார்கள், ஒரு துண்டு மட்டும் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இவ்வளவு தூரம் ஏன், பிரிட்ஜ்போர்ட் பக்கம் கனேடியன் ஆற்றின்மேல் 38 இரும்புச் சட்டங்களோடு நீளமாகக் கிடக்கும் 1933-ஆம் வருஷத்துப் பாலத்தை, அந்தச் சட்டங்களையே சீர்செய்து வைத்துக்கொண்டு அண்மையில் நம் மாநிலமே புதுப்பித்திருக்கிறது. அந்தப் பெரிய பாலத்துக்கே வழி கண்டவர்களிடம், நம் சின்னப் பாலத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டீர்களா?

இன்னொன்று. கூட்டரசுப் பணம் சேர்ந்த வேலையாக இருந்தால், சரித்திர மதிப்புள்ள பாலத்தை இடிக்கும் முன் அதை ஏற்றுக்கொள்ள யாராவது முன்வருகிறார்களா என்று கேட்கவேண்டும் என்கிறது சட்டம். இடிக்க ஆகும் செலவை அதைக் காப்பாற்றப் பயன்படுத்தவும் வழி இருக்கிறது. 1966-ஆம் வருஷத்து வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாநில அலுவலகத்தோடு கலந்து பேசவும் வேண்டும். உங்கள் தீர்மானத்தில் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரிகூட இல்லை. யாரையும் கேட்டதாகவும் இல்லை. சாலையோரத்தில் வருஷக்கணக்காக இருக்கிற எங்களுக்கே கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான், அதுவும் கதவில் ஒட்டிய ஒரு தாளைப் பார்த்துத்தான், விஷயம் தெரிந்தது.

இவ்வளவு உரிமையோடு பேச நான் யார் என்று சிலர் நினைக்கலாம். அன்று கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒருவர் அப்படிச் சொல்லவும் செய்தார். அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். ஒரு குஜராத்தி நண்பர் வழிகாட்டித்தான் நாங்கள் மோட்டல் தொழிலுக்கு வந்தோம். இந்தச் சாலையில் நியான் விளக்கு எரியும் எத்தனையோ மோட்டல்களை அணையாமல் காப்பாற்றியது இந்தியக் குடும்பங்கள்தான். நாங்கள் வாங்கிய புதிதில், சற்றுத் தள்ளியிருந்த மோட்டலின் வாசலில் 'அமெரிக்கர் நடத்துவது' என்று பலகை வைத்தார்கள். எங்களைப் பார்த்துத்தான். அப்போது எனக்குக் காரணம்கூடப் புரியவில்லை, என் வீட்டுக்காரர்தான் சொன்னார். சொல்லிவிட்டு அன்று ராத்திரி எங்கள் பலகையின் எரியாத எழுத்துகளைச் சரிசெய்ய ஏணி போட்டு ஏறினார்.

பிறகுதான் நான் இந்தச் சாலையின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கறுப்பினக் குடும்பங்கள் இதே சாலையில் போகும்போது எந்த ஊரில் அறை கிடைக்கும், எங்கே பெட்ரோல் கொடுப்பார்கள் என்று தெரிந்துகொள்ள, விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936-லிருந்து வெளியிட்ட வழிகாட்டிக் கையேட்டைக் கூடவே வைத்துக்கொண்டு போனார்கள். பொழுது சாய்ந்தபின் கறுப்பினத்தவர் இருக்கக்கூடாது என்று வைத்திருந்த ஊர்கள் இந்தப் பாதையில் உண்டு. நம் மாநிலத்தின் லூத்தர் ஊருக்குப் பக்கத்தில் த்ரெட் குடும்பத்தார் நடத்திய பெட்ரோல் நிலையத்தின் கட்டடம் இன்னும் நிற்கிறது. கறுப்பினப் பயணிகள் பயமில்லாமல் வண்டியை நிறுத்தமுடிந்த இடம் அது. நல்லதும் கெட்டதுமாக இவ்வளவும் நடந்த சாலை இது. பேக்கர்ஸ்ஃபீல்ட் அம்மாவின் தாயாருக்கும், அந்தக் கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு போனவர்களுக்கும், ஏணியில் ஏறிய என் வீட்டுக்காரருக்கும் இதில் பங்கு உண்டு. அதனால்தான் பேசுகிறேன்.

அரிசோனாவின் செலிக்மன் ஊரில் 1978 செப்டம்பர் 22 அன்று ஐ-40 திறந்ததும் கடைவீதியில் வண்டியே இல்லாமல் போயிற்று. அங்கே முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஏஞ்சல் டெல்கடியோ ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு 1987-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார். அதே வருஷம் செலிக்மனிலிருந்து கிங்மன் வரை பழைய சாலையை வரலாற்றுச் சாலை என்று மாநிலத்தை அறிவிக்க வைத்தார்கள். ஒரு முடிதிருத்துகிறவர் கேட்டார், ஒரு மாநில அரசு காது கொடுத்தது. நான் உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது.

அடுத்த கூட்டத்தில் இடிப்புத் தீர்மானத்தை நிறுத்திவையுங்கள். ஒப்பந்தக்காரருக்கு வேலை உத்தரவு போயிருந்தால் அதைத் திரும்பப் பெறுங்கள்.

சாலை உரிமையை எந்தக் காரணம் கொண்டும் கைவிடாதீர்கள். இது எல்லாவற்றையும்விட முக்கியம். பாலம் பழுதானால் பிறகும் பழுது பார்க்கலாம். நிலம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் கைக்குப் போய் வேலி விழுந்துவிட்டால் அது மறுபடி சாலையாக ஆகவே ஆகாது. லாரிக்கு மூடுங்கள், காருக்கும் வேண்டுமானால் மூடுங்கள். நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் திறந்து வையுங்கள்.

பழைய பாலங்களைச் சீர்செய்த அனுபவம் உள்ள ஒரு பொறியாளரைக் கொண்டு பாலத்தைப் பரிசோதித்து, இடிக்க எவ்வளவு, நடைபாலமாக வைத்துக்கொள்ள எவ்வளவு என்று இரண்டு தொகையையும் எழுத்தில் வெளியிடுங்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் அதில் சொல்லுங்கள். மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு முறைப்படி எழுதுங்கள். அப்புறம், வண்டிகளை எண்ணத்தான் வேண்டும் என்றால் ஜூன் மாதத்தில் எண்ணுங்கள்.

இதற்கென்று ஒரு பொதுக் கூட்டம் வையுங்கள், திங்கட்கிழமைக் காலையில் வேண்டாம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். உணவகத்தில் வேலை செய்கிறவர்களும் கோதுமை வயலில் இருப்பவர்களும் அப்போதுதான் வரமுடியும். ரூட் 66-இன் நூறு வருஷத்தை ஊர்வலமும் பாட்டுமாக நாம் கொண்டாடுவதாக இருந்தால், 2026 நவம்பர் 11 அன்று அந்தப் பாலம் நின்றுகொண்டிருக்கவேண்டும். அதன் தலைமாட்டில் ஒரு பலகை வையுங்கள். புழுதிக்குத் தப்பி ஓடியவர்களைப் பற்றியும், அறை மறுக்கப்பட்டவர்களைப் பற்றியும் அதில் எழுதுங்கள். பலகைக்கு ஆகும் செலவை என் மோட்டல் கொடுக்கும்.

இப்படிக்கு,
ஓடைப் பாலத்துக்குக் கிழக்கே, பழைய சாலையோரம் மோட்டல் நடத்தும் உங்கள் கவுண்டிக் குடியாள்